பழமனை புதுக்கும் முறை

கட்டுதல் அரிது, கட்டியதனைக் காத்தல் அதனினும் அரிது, கெட்டதனை முன்னிருந்தவாறே செப்பஞ்செய்தல் யாவற்றினும் அரிது. இவ்வுண்மையை நம் நாட்டார் நன்கறிந்திருந்தனர் என்பதற்குத் தென்காசிக் கோயிற் கல்வெட்டே சான்றாகும். பதினைந்தாம் நூற்றாண்டிற் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், அவ்வாலயத்திற்குப் பிற்காலத்தில் யாதேனும் பழுது நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகப் பாட்டிற் பொறித்து வைத்தான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத செப்பஞ்செய்வோர்க்கு முன்னரே வணக்கஞ் செலுத்திய செய்தி இது. அவன் அஞ்சியவாறே பழுதும் நேர்ந்தது. 1924ஆம் ஆண்டில் அக்கோயிலின் இராசகோபுரம் தீப்பற்றிச் சிதைந்தது. 1990ஆம் ஆண்டிலேதான் மீண்டும் நிறைவுற்று நின்றது.

கோயிலுக்கு ஊரார் துணையுண்டு. பெரியோர் வாழ்ந்த மனைக்கு அரசின் துணையுண்டு. எட்டயபுரத்திற் பாரதியார் பிறந்த வீடும், இடையன்குடியிற் கால்டுவெல் ஐயர் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகப் போற்றப்படுகின்றன. ஆயின், வரலாற்றிற் பெயரேறாத குடியானவரும் வணிகரும் கட்டி வாழ்ந்த காரை வீடுகளுக்கு, அவற்றில் வாழ்வோரும் அவர் அழைக்கும் கொத்தனாருமே துணை. திருவேங்கடத்தைச் சூழ்ந்த கரிசற் சீமையிலும், தென்காசி குற்றாலப் பகுதியிலும் அத்தகைய வீடுகள் இன்றும் உள. அவற்றின் சுவர் வெடித்தவிடத்துச் சிமெண்டைக் குழைத்து அப்புதலே இக்காலத்து வழக்கமாயிற்று. நன்மை கருதிச் செய்யும் அச்செயலே பழமனைக்குக் கேடாய் முடிகின்றது. அஃது எவ்வாறு என்பதனையும், முன்னோர் கைக்கொண்ட முறையால் அம்மனைகளைப் புதுக்குமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் காரையின் இயல்பை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 900 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் எரித்தால், அதன்கண் அடங்கிய கரியமிலவாயு நீங்கும். தூய கல் 100 பங்கிற்கு 44 பங்கு வாயுவாய்ப் போக, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீர் பெய்தால், அது கொதித்துப் பொங்கி, 18 பங்கு நீரைத் தன்னுட்கொண்டு நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலொடு கூட்டிச் சுவரில் இட்டபின், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகின்றது. கல் நீறாகி, நீறு திரும்பவும் கல்லாகும் இம்மாற்றமே காரைக் கட்டடத்தின் உயிர்நிலை.

இம்மாற்றத்திற்குக் காற்று வேண்டும். ஆதலின் நீர் தேங்கும் இடத்தில் தூய சுண்ணாம்பு இறுகுதல் அரிது. இக்குறையை நீக்கவும் முன்னோர் வழி கண்டிருந்தனர். கரிசல் நிலத்திற் கிடைக்கும் சுக்கான்கல்லிற் களிமண் கலந்திருத்தலின், அதனைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். தூய சுண்ணாம்போடு செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தாலும் அவ்வியல்பு உண்டாம். 1895ஆம் ஆண்டில் முடிந்த முல்லைப்பெரியாற்று அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையினாற் கட்டப்பெற்றது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இனிச் சிமெண்டினை நோக்குவாம். 1824ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு யோசேப்பு ஆஸ்பிடின் என்பார் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இக்காலத்துச் சிமெண்டு, சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் கூட்டி ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்தில் எரித்து அரைக்கப்படுவது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949ஆம் ஆண்டிற் சிமெண்டு ஆலை எழுந்தது. நம் மண்ணின் சுண்ணாம்புக் கல்லே அதற்கும் மூலப்பொருள். விரைந்து இறுகுதலும் பெருஞ்சுமை தாங்குதலும் சிமெண்டின் சிறப்புக்கள். புதிய கட்டடங்களுக்கு அஃது ஏற்றதே. ஆயின் வன்மை வேறு, பொருத்தம் வேறு. பழஞ்சுவரில் அதனை இடுவதால் விளையும் கேடுகள் இரண்டு.

ஒன்று, அசைவு பற்றியது. கரிசல் மண், ஐப்பசி கார்த்திகை மழையில் நீருண்டு வீங்கும். கோடையில் நீர் வற்றிப் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சுவரும் ஆண்டுதோறும் நூலிழையளவேனும் அசையாதிராது. காரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். நுண்ணிய வெடிப்புத் தோன்றினும், அதனுள் நீர் ஊறுங்கால் சுண்ணாம்பு கரைந்து படிந்து அவ்வெடிப்பைத் தானே அடைக்கும். சிமெண்டோ நெகிழாது. ஆகவே அசைவின் விசையெல்லாம் அயலிலுள்ள செங்கல்லின் மேலும் கல்லின் மேலும் பாய்ந்து அவற்றைப் பிளக்கும். இரண்டு கல்லுக்கு இடைப்பட்ட பூச்சு அக்கல்லினும் மெலியதாய் இருத்தல் வேண்டும் என்பது கொத்துவேலையின் முதல் விதி. பூச்சுக் கெட்டால் மீண்டும் பூசலாம். கல் கெட்டால் என் செய்வது?

மற்றொன்று, ஈரம் பற்றியது. பழைய சுவரின் இரு முகங்களும் கொத்திய கல்லாய் இருப்பினும், நடுவிடம் பெரும்பாலும் சல்லியும் மண்ணும் காரையும் நிறைத்ததாகவே இருக்கும். நிலத்தின் ஈரம் அதனூடே மேலேறும். ஆனி ஆடித் திங்களிற் சாரல் ஓயாத குற்றாலப் பகுதியில் மேலிருந்தும் ஈரம் இறங்கும். காரைப் பூச்சில் நுண்டுளைகள் உண்மையின், ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாய் வெளியேறும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். வெளியேற மாட்டாத நீர் உள்ளே தேங்கி நடுவிடத்தை இளக்கச் சுவர் புடைக்கும். நீரிற் கரைந்த உப்புப் பூச்சின் பின்னே படிகமாய் விளைந்து செங்கல்லைப் பொரியச் செய்து உதிர்க்கும். புறத்தே பளபளப்பும் அகத்தே அழிவுமாக முடியும் செயல் இது.

வலிய பொருளைப் பொருத்தமின்றிச் சேர்த்துக் கெடுத்தமைக்குப் பிறநாட்டிலும் சான்று உண்டு. ஏதென்சு நகரத்து அக்ரோபொலிசில் பண்டைக் கிரேக்கர் பளிங்குக் கற்களை இரும்புக் கொக்கிகளாற் பிணைத்து, துருப்பிடியாவண்ணம் ஈயத்தை உருக்கி வார்த்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைப் புதுக்கியோர் ஈயக் காப்பின்றி இரும்பை இட்டனர். இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975ஆம் ஆண்டில் அமைந்த குழுவினர், அவ்விரும்பை அகற்றித் துருப்பிடியாத டைட்டேனியம் என்னும் உலோகத்தை இட்டுவரலாயினர். பழையோர் இட்ட ஈயத்திற்கும் ஒரு காரணம் இருந்தது. அதனை ஆராயாது நீக்கியதே இடராயிற்று.

இனிப் புதுக்கும் முறை வருமாறு. கரண்டியை எடுக்குமுன் காரணத்தை ஆராய்க. வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, நீர் எவ்வழி வருகின்றது, மட்டப்பாவின் நீர்த்தாரை அடைபட்டதா, முற்றத்து மண் அடிவாரத்தினும் உயர்ந்து சுவரை மூடியதா என்பன முதலிற் காணத்தக்கன. நோயின் காரணம் இருக்க, புண்ணை மட்டும் மூடுதல் மருத்துவம் அன்று.

அடுத்து, உதிர்ந்த பூச்சை உளியும் சுத்தியலுங் கொண்டு கையாலேயே சுரண்டுக. விசையாற் சுழலும் பொறி கல்லின் ஓரத்தைச் சிதைக்கும். இடைவெளியின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழமேனும் சுரண்டித் துடைத்து நீர் தெளித்தல் வேண்டும். உலர்ந்த கல் காரையின் நீரை உறிஞ்சிவிடும். பின்னர் நன்கு நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கும், உப்பற்ற ஆற்று மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கும் கூட்டிய காரையைச் செறிய அழுத்தி நிரப்புக. முற்காலத்தில் வட்டமான பள்ளத்திற் கல்லுருளையைக் காளை இழுத்துவரக் காரையை அரைத்தனர்; அரைக்குந்தோறும் அது வெண்ணெய்போற் குழைந்து, கல்லொடு நன்கு ஒட்டும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலும் சேர்த்தலும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில், பல படலமாய் இட்ட பூச்சின் இறுதிப் படலத்திற்கு முட்டையின் வெண்கருவையும் கூட்டி, கண்ணாடிபோல் மெருகிட்டனர்.

பூசியபின் ஈரத்துணி மூடிப் பல நாள் காத்தல் வேண்டும். காரை இறுகும் வேகம் மிகச் சிறிது. ஒரே நாளிற் கனமாய்ப் பூசாது, மெல்லிய படலங்களாய் இடைவிட்டு இடுதலே முறை. நீறாத சுண்ணாம்பு கண்ணிலும் தோலிலும் பட்டால் வேகும். வேலை செய்வோர் விழிப்பாய் இருத்தல் இன்றியமையாதது.

பிளந்த கல்லை மாற்ற நேரின், அதே இனத்துக் கல்லைத் தேடுக. வரியோடிய கல்லாயின், மலையிற் படுத்திருந்தவாறே சுவரிலும் படுக்கவைத்தல் வேண்டும். வரியை நிமிர்த்தி வைப்பின் ஏடு ஏடாய்க் கழலும். சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீண்ட கற்களை இடையிடையே இடுதலும் வேண்டும். பெயர்க்கும் கற்களுக்கு முன்னரே எண்ணிட்டு வைத்தால், அவை தத்தம் இடத்திற்குப் பிறழாது மீளும்.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்ற செய்தி அல்ல. சென்னைச் சேப்பாக்கத்துக் கலசு மகால் 2012ஆம் ஆண்டிற் தீக்கிரையானபோது, அதனைப் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புக் காரை முறையிலேயே மீண்டும் எடுப்பித்தனர். பெருமாளிகைக்கு ஆகிய முறை சிறு மனைக்கு ஆகாதது அன்று.

காலம் மிகுதியாகும், கூலி மிகுதியாகும், இவ்வேலை அறிந்த கொத்தனாரும் அரியர் என்று சிலர் கூறுவர். இவை மூன்றும் மெய்யே. ஆயின் சில ஆண்டிற் கழன்று, கல்லையும் உடன்கொண்டு விழும் பூச்சு மலிவானது ஆகாது. கொத்தனார் அரியராதற்குக் காரணமோ, அவரை நாம் அழையாமையே. வேலை இல்லாத கை தன் வித்தையை மறக்கும். தந்தை மறந்ததை மைந்தன் கற்றல் யாங்ஙனம்? கடுக்காய் நீர் எந்நிறத்தில் முற்றும், காரை எப்பதத்தில் கரண்டியை விட்டு வழுவும் என்பன அளவுகோலால் அறியப்படுவன அல்ல. கையும் கண்ணும் பழகி அறிவன. அவ்வறிவு மறைந்தால், கல் இருந்தும் சுண்ணாம்பு இருந்தும் மனை எழாது.

பாண்டியன் அரண்மனைக்கு நூல் பிடித்துத் திசை குறித்த கட்டடக் கலைஞரை நெடுநல்வாடை புலவர் என்றே வழங்குகின்றது. நூலோதுவாரை மட்டும் கற்றார் என்று கருதும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது இது. ஆதலின், பழமனை உடையோர் அடுத்த வெடிப்பு நேருங்கால் சிமெண்டு மூட்டையைத் தேடுமுன், ஊரிலுள்ள முதிய கொத்தனார் ஒருவரைத் தேடுவாராக. அவரோடு இளையர் இருவரையேனும் வேலைக்கு அமர்த்துவாராக. அங்ஙனஞ் செய்தால் மனையும் நிற்கும். மனையை நிறுத்தும் கலையும் நிற்கும்.