மாப்பிள்ளைக்கு ஒரு வாளி

என் தங்கை புருஷன் கார் கம்பெனியில் எஞ்சினியர். லட்சக்கணக்கான டாலர் மிஷினுக்கு ஒரே மீட்டிங்கில் தலையாட்டி விட்டு வருகிற மனுஷர். அவருக்கு ஒரு வாளி வாங்க நான்கு மாதமும் வலது கையில் ஏழு தையலும் தேவைப்பட்டன. அதில் என் பங்கு கணிசமானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாளி என்றால் குளிக்கிற வாளி இல்லை. பீர் புளிக்க வைக்கிற வாளி.

பதறாதீர்கள். நடந்தது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். நம்மூரில் இதைச் செய்தால் போலீஸ் ஜீப் வரும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வை" என்கிறார். ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர், வரி கட்டாமல் காய்ச்சிக் கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் வழிக்கு வர 2013 ஆகிவிட்டது.

தங்கைக்குப் பிரசவம். அம்மா போக வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற அம்மாவுக்குப் பயம். "நீ சும்மாதானே இருக்க, துணைக்குப் போய்ட்டு வா" என்றாள் என் மனைவி. பத்திரிகைக்கு எழுதுவது எங்கள் வீட்டில் 'சும்மா' என்ற தலைப்பில்தான் வரும். 2023 ஜனவரியில், முழங்கால் வரை பனி கிடக்கும்போது போய் இறங்கினோம்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி என்னை பேஸ்மெண்ட்டுக்குக் கூட்டிப் போனார். "மச்சான், அத்தைகிட்ட சொல்லிராதீங்க..." மால்ட் சாறு டின், ஹாப்ஸ் பொட்டலம், ஈஸ்ட் பாக்கெட் எல்லாம் அலமாரியில் இருந்தன. மால்ட்டையும் ஹாப்ஸையும் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவிட்டால் மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். எல்லாம் தயார், எதில் ஊற்றி மூடுவது என்பதில்தான் மனுஷர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கடைக்குப் போய்ப் பார்ப்போமே" என்றேன். பி.காம். படித்தவனைக் கூட வைத்துக்கொண்டு ஒருவர் கஷ்டப்படலாமா?

வீட்டில் பீர் போடுகிறவர்களுக்கென்றே அங்கே கடை இருக்கிறது. நம்மூர் பாத்திரக் கடை மாதிரி தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கல்லாவில் இருந்த தாடிக்காரர் முதலில் காட்டியது மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளி, 22 டாலர். அடுத்து கண்ணாடி ஜாடி, 45 டாலர். குண்டு உடம்பு, குறுகின கழுத்து, அந்தக் காலத்து ஆஸ்பத்திரி மருந்து ஜாடியைப் பத்து மடங்கு ஊதினது போல. அதற்கப்புறம் எவர்சில்வரில் ஒன்று, 200 டாலருக்கு மேல். கடைசியில் ராக்கெட் மாதிரி நின்ற கூம்பு வடிவ எவர்சில்வர் தொட்டி. செத்த ஈஸ்ட் அடியில் இறங்கினதும் குழாயைத் திருகி வெளியே எடுத்து விடலாம். விலைச் சீட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை அதன் மேலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தாடிக்காரர் ஒரே வரியில் சொன்னார்: "முதல் தடவையா? வாளியை எடுத்துக்கிட்டுப் போ."

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. நான் குறுக்கே புகுந்தேன்.

"22 டாலரா? மாப்பிள்ளை, ஓட்டல்ல ஊறுகாய் வர்ற வாளியை சும்மாவே குடுப்பாங்க. உணவுக்கான பிளாஸ்டிக்தான் அது. அடியில பாருங்க, முக்கோணத்துக்குள்ள 2-ன்னு போட்டிருக்கும்."

நான் சொன்ன முக்கோணம் உண்மைதான். கடை வாளியும் ஊறுகாய் வாளியும் ஒரே ஜாதி பிளாஸ்டிக். ஆனால் பிளாஸ்டிக் ஒருதரம் வாசனையைக் குடித்தால் விடாது என்கிற விஷயம் பி.காம். பாடத்தில் வரவில்லை. சோடா உப்பு, வினிகர், வெந்நீர் எல்லாம் போட்டு மூன்று நாள் கழுவினோம். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆவக்காய் பீர்! 19 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினோம். சரக்குச் செலவு 40 டாலர் போச்சு. மிச்சம் பிடித்தது 22. லாப நஷ்டக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாக விஷயம் அம்மாவுக்கும் எட்டிவிட்டது. படியிறங்கி வந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று இருவரும் தலையைக் குனிந்தோம். அம்மாவுக்குப் பிறந்த ஊர் உடன்குடிப் பக்கம். சுற்றிலும் பனைமரம்.

"ஏலே, ஊறுகா வாளியிலயா ஊத்துனிய? கலயம் சுத்தமா இருக்கணும்லா. சுண்ணாம்பு தடவுன கலயத்துல விழுந்தா பதனி, தடவாத கலயத்துல விழுந்தா கள்ளு. மரமா முடிவு பண்ணுது? கலயம்லா முடிவு பண்ணுது" என்று சொல்லிவிட்டு, இட்லிக்கு அரைக்க மேலே போய்விட்டாள்.

மாப்பிள்ளை அன்று இரவு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கிறது என்பது கெமிஸ்ட்ரி. அவர் படித்த புத்தகங்களிலும் பாத்திரம் சும்மா ஒரு ஓரத்தில் நிற்கிற சாமானாக வரவில்லையாம். இங்கிலாந்தின் டாட்காஸ்டர் ஊரில் சாமுவேல் ஸ்மித் மதுபான ஆலைக்காரர்கள் இன்றைக்கும் கல் தொட்டியில்தான் புளிக்க வைக்கிறார்கள். அந்த பீருக்கு அந்தக் கல்லைத் தவிர வேறு பாத்திரம் சரிப்படாது என்பது அவர்கள் கட்சி.

அடுத்ததும் என் யோசனைதான். ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனை. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே அந்தக் கண்ணாடி ஜாடி. கடையில் 45, இங்கே 15 டாலர்! "கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது மாப்பிள்ளை. டிப்ரிஸியேஷன் பூஜ்யம்!" என்று பேரம் பேசி 12-க்கு முடித்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, பெருமையில்.

கண்ணாடியின் பெருமைகளும் பொய்யில்லை. கீறல் விழாது, அதனால் கிருமிக்கு ஒளிய இடமில்லை. வாசனையைப் பிடித்து வைக்காது. பிளாஸ்டிக் சுவர் வழியாக மெள்ள மெள்ளக் காற்று கசியும், கண்ணாடியில் அந்தப் பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே நடப்பது தெரியும். இரண்டாம் நாள் நுரை பொங்கி, மூடியில் செருகின வளைந்த குழாய்த் தண்ணீரில் 'ப்ளப்... ப்ளப்...' என்று குமிழி விட ஆரம்பித்ததும், மாப்பிள்ளை ஜாடியை ஹாலுக்கே கொண்டு வந்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். டி.வி.யை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா தன் பழைய நூல் புடவையை அதன் மேல் போர்த்தினாள். "பாக்க வாரவிய என்ன நெனைப்பாவ?" மானத்துக்காகப் போர்த்தினது பீரைக் காப்பாற்றிவிட்டது. ஹாப்ஸ் சேர்ந்த பீரில் வெளிச்சம் பட்டால் ஒரு நாற்றம் கிளம்பும். ஸ்கங்க் என்று ஒரு பிராணி அந்த ஊரில் உண்டு, கோபம் வந்தால் பீய்ச்சும். அதனுடைய நாற்றத்துக்கு நெருங்கிய உறவு இது. பீர் பாட்டில்கள் பழுப்பு நிறமாக இருப்பதும் இதற்காகத்தான்.

பீர் நன்றாகவே வந்தது. பாட்டிலில் அடைத்து முடித்தோம். ஜாடியைக் கழுவ வேண்டியதுதான் பாக்கி.

குறுகின கழுத்துக்குள் கை போகாது. வளைந்த பிரஷ் விட்டு ஆட்ட வேண்டும். காலி ஜாடியே ஆறேழு கிலோ. உள்ளே கொஞ்சம் தண்ணீர், வெளியே சோப்பு, கை ஈரம். நான் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன் (மிச்சிகனில் காலி பீர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் கிடைக்கும்; அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன்). பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் கூட இல்லை. சிமெண்ட் தொட்டி விளிம்பில் ஜாடி இடித்து, சரிந்த ஜாடியைப் பிடிக்கப் போயிருக்கிறார். யாராயிருந்தாலும் பிடிக்கத்தான் போவோம். மேல் பாதி அவர் கையிலேயே பிளந்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டு.

எனக்கு அமெரிக்காவில் கார் ஓட்டத் தெரியாது. தங்கைக்கு ஒன்பதாவது மாதம். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான். அவள்தான் பனியில் ஓட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பின் சீட்டில் நான் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். துண்டு நனைந்துகொண்டே வந்தது. எமர்ஜென்ஸி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து தங்கையை உட்கார வைக்கப் பார்த்தாள். "பேஷண்ட் நான்" என்றார் மாப்பிள்ளை, கையை உயர்த்தி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

ஏழு தையல். இன்னும் கொஞ்சம் ஆழம் போயிருந்தால் தசைநார் அறுந்திருக்கும், கட்டைவிரல் மடங்காது என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ் போக எங்கள் கையிலிருந்து 640 டாலர். ஜாடி 12 டாலர். தேய்மானம் பூஜ்யம்.

பத்து நாளில் குழந்தை பிறந்தது. பெண். நர்ஸ் நீட்டினபோது அவர் இடது கையை மட்டும் நீட்டினார். கட்டுப் போட்ட வலது கையைக் கீழே முட்டுக் கொடுத்து, என் அம்மா பக்கத்தில் பிடித்துக்கொள்ள, பாதிக் குழந்தையைத்தான் அவர் வாங்கினார். நான் ஜன்னல் பக்கம் போய் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு படித்தால், கண்ணாடி ஜாடி உடைந்து கையையும் காலையும் கிழித்துக்கொண்டவர்கள் அந்த ஊரில் நிறைய. காலியாக இருக்கும்போதாவது ஏழு கிலோ. பீர் நிறைந்திருந்தால் 25 கிலோவுக்குக் குறையாது, அரிசி மூட்டை கனம். மூட்டையையாவது கட்டிப் பிடிக்கலாம். வெந்நீர் ஊற்றினாலும் சில ஜாடிகள் விரிசல் விடும். கண்ணாடிதான் வேண்டும் என்கிறவர்கள் பால் பாட்டில் வைக்கிற கிரேட்டுக்குள் அதை வைத்தே தூக்குகிறார்கள். மாதக்கணக்கில் ஊற வைக்கிற பீருக்கு அது நியாயம். இரண்டு மூன்று வாரத்தில் குடித்துத் தீர்க்கிற பீருக்குப் பிளாஸ்டிக்கில் கசிகிற காற்று ஒரு பொருட்டே இல்லை. இதைத்தான் தாடிக்காரர் ஒரு வரியில் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். தாடிக்காரர் மாப்பிள்ளையின் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். "கண்ணாடியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வாளியை எடுத்து வைத்தார்.

வாங்கினது 6.5 காலன் வாளி. ஊற்றுவது 5 காலன், அதாவது 19 லிட்டர். மேலே கிட்டத்தட்ட ஆறு லிட்டர் இடம் நுரைக்கு. "பின்ன? மாவு கரைச்சா முக்கால் பாத்திரந்தானே வைக்கணும். பொங்குதுலா!" என்றாள் அம்மா. வாய் அகலம், கை முழங்கை வரை போகும். வெளிச்சம் புகாதபடி ஒரு மூலையில் வைத்து, நனைத்த துண்டைச் சுற்றினோம். புளிக்கும்போது உள்ளே சூடு ஏறும். இந்த வகை பீருக்கு 18, 20 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

மூன்று நாளாகியும் குமிழியே வரவில்லை. மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "ஈஸ்ட் செத்துருச்சு மச்சான்." நான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. திறக்கும் தகுதியை இழந்திருந்தேன். அவர் ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்கவிட்டார். அம்மா எட்டிப் பார்த்து, "இது பால்மானிலா? பால்காரன் தண்ணி ஊத்துனானானு பாக்க நான் வச்சிருந்தேன்" என்றாள். அதேதான். ஆரம்பத்தில் 1.048 காட்டினது 1.020-க்கு இறங்கியிருந்தது. ஈஸ்ட் ஜோராக வேலை செய்துகொண்டிருக்கிறது. வாளி மூடி அவ்வளவு இறுக்கமாக உட்காராது, வாயு ஓரத்தில் கசிந்து போகிறது, அதனால் குமிழி இல்லை. வாளிக்காரர்கள் எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் பயப்படுகிறார்களாம். இரண்டு வாரத்தில் 1.010-ல் வந்து நின்றது.

நான் குடித்தேனா என்று கேட்காதீர்கள். என் மனைவியும் இந்தப் பத்திரிகை வாசகி.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அம்மா தங்கையிடம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறை, வசம்பு, உரை மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கார் கதவைச் சாத்தும் முன் அம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"மாப்பிள, அந்த வாளிய நாரு போட்டுத் தேய்ச்சிராதிய. கீறல் விழுந்தா அழுக்கு உள்ள போய் ஒக்காந்துக்கிடும். துணியால தொடைங்க, போதும்."