வளவு இல்லாத வீட்டுக்கு ஒரு சட்டி மின்ச்சி

கல்முனைச் சந்தையில் ‘மின்ச்சி’ என்று கேட்டால் உடனே கட்டு கைக்கு வரும். ‘புதினா’ என்றாலும் விளங்கும். புதினா பாரசீகத்திலிருந்து வந்த சொல். அரபியில் நஃனாஃ. சிங்களத்தில் நாங்கள் சொல்வதுபோல மின்ச்சிதான்.

இது குர்ஆனில் சொல்லப்பட்ட செடி என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே வருவது ‘ரைஹான்’ என்ற சொல் (55:12, 56:89). அதற்கு நறுமணச் செடி என்பது பொதுப் பொருள். அரபு வழக்கில் பெரும்பாலும் திருநீற்றுப்பச்சையைத்தான் ரைஹான் என்பார்கள். நோன்பு காலத்தில் சர்பத்தில் ஊறப்போடுகிறோமே கசகசா, அது அந்த இனத்தின் விதை. மின்ச்சியும் அதே தாவரக் குடும்பம்தான். ஆனால் வேறு செடி. ஒரு மூலிகையின் சிறப்பைச் சொல்ல, இல்லாத ஆதாரத்தை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

மின்ச்சியைப் பற்றி நான் எழுத வந்த காரணம் வேறு. 2004 டிசம்பர் 26க்கு முன்னர் எங்கட கரையோர வீடுகளில் வளவு இருந்தது. கிணத்தடியில் வாழை, வேலியில் முருங்கை, வாளித் தண்ணி சிந்துகிற இடத்தில் மின்ச்சி. சுனாமிக்குப் பிறகு பலர் அடுக்குமாடிகளுக்கும் நெருக்கமான வீட்டுத்திட்டங்களுக்கும் போனார்கள். ஊருக்குள்ளும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்து வளவு சுருங்கிவிட்டது. வாழையும் முருங்கையும் இடம் கேட்கும். மின்ச்சிக்கு ஒரு அகலச் சட்டியும் காலை வெயில் மூன்று நாலு மணித்தியாலமும் போதும்.

விதை தேடி அலைய வேண்டாம். கறிக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டு நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மூழ்கத் தண்ணியில் வையுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் வேர் விடும். அதன் வேர் ஆழம் போகாது. ஓடுதண்டு பக்கவாட்டில் படரும். அதனால் சட்டி ஆழத்தைவிட அகலமாக இருப்பது நல்லது.

எங்கட மண் கடல் மணல். ஊற்றிய தண்ணி நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. பாதி மணல், பாதி மக்கிய மாட்டெரு, அதோடு ஆலையில் கிடைக்கும் உமியைக் கரியாக்கி ஒரு பிடி கலந்தால் ஈரம் தங்கும். உவர்க் கிணற்று நீர் இதற்கு ஆகாது. இலையோரம் கருகி, மண்ணில் வெள்ளை பூத்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது நல்ல தண்ணியை நிறைய ஊற்றி, அடித் துவாரத்தால் வடிய விடுங்கள். அரிசி கழுவிய தண்ணி வீணாகாமல் இதற்குப் போகட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சட்டியை நிழலுக்கு மாற்றினால்தான் தப்பும். மாரியில் தண்ணி தேங்கி வேர் அழுகும். சட்டியைக் கல்லின்மேல் உயர்த்தி வையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். வேர் விட வைத்த போத்தல் தண்ணியையும் இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும்.

பூக்க விடாமல் நுனியை வெட்டி எடுத்தால் மேலும் கிளைக்கும். இலையின் அடியில் செம்மஞ்சள் புள்ளி கண்டால் அது துரு நோய். அந்தத் தண்டை அடியோடு வெட்டி எறியுங்கள்.

அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? மெந்தோல் நம் நரம்பில் குளிரை உணரும் வாயிலைத் திறந்துவிடுகிறது. உடம்பு குளிர்வதில்லை, குளிர்ந்ததாக மூளைக்குச் செய்தி போகிறது. அந்த வாயிலைக் கண்டறிய மெந்தோலைப் பயன்படுத்திய டேவிட் ஜூலியஸ், பெய்ரூத்தில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும், வெப்பமும் தொடுகையும் உணரப்படும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். சமையல் மின்ச்சியில் மெந்தோல் குறைவு. அதன் வாசம் கார்வோன் என்ற எண்ணெயால் வருவது. மெந்தோல் நிறைந்தது பெப்பர்மின்ட் என்ற கலப்பினம்.

சாப்பாட்டுக்குப் பின் மின்ச்சி போட்ட பிளேன்டீ வயிற்றுப் பொருமலுக்கு இதம் தரும். ஆனால் நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு அதை இன்னும் கூட்டலாம். மெந்தோல் தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவவே கூடாது, மூச்சுத் திணறும். காய்ச்சல் தொடர்ந்தால் மின்ச்சிக் குடிநீரோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுப்படியில் இதற்கு ஒரே விதிதான்: கடைசியில் போடுங்கள். வாச எண்ணெய் சூட்டில் பறந்துவிடும். நோன்புக் கஞ்சியை இறக்கிய பிறகு நறுக்கித் தூவலாம். புரியாணிக்குச் சம்பலென்றால் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், உப்போடு அரைத்து, தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் விட வேண்டும். மிஞ்சிய இலையை நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்தால் தேத்தண்ணிக்கு உதவும்.

சட்டி நிறைந்ததும் வேரோடு ஒரு பிடி பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் செடி கச்சானில் கருகிப்போனால், திரும்பக் கேட்டு வாங்க அங்கே ஒன்று இருக்கும்.