முகர்ந்து கொஞ்சுதல்

யாழ்ப்பாணத்து அம்மம்மாமார், தொட்டிலிலிருந்து தூக்கிய குழந்தையின் கன்னத்தில் மூக்கைப் பதித்து, அதன் பால்மணத்தை ஆழ்ந்த சுவாசத்தோடு உள்ளிழுத்து, பின் உச்சியும் மோந்து மகிழ்கின்ற வாத்ஸல்யத்தையே நம்மவர் ‘கொஞ்சுதல்’ என்பர். தமிழகத்தில் பெரும்பாலும் செல்லம் பாராட்டுதலைக் குறிக்கும் அச்சொல், இங்கே முத்தத்தையும் உணர்த்துகின்றது. மூக்கின் பெயரடியாகப் பிறந்த ‘நஸ்ஸில்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு அணித்தானதே. ஆயினும் நாய்க்குட்டி முகத்தால் உரசுவதும் அதனுள் அடங்கும். வடதுருவப் பிரதேசத்து இனுவிட் மக்களின் ‘குனிக்’, வெறும் மூக்குரசலென்று உலகத்தார் பலர் கருதியபோதிலும், உண்மையில் மூக்கையும் மேலுதட்டையும் கன்னத்தில் அழுத்தி மணத்தை நுகர்வதேயாம். நியூசிலாந்து மாவோரி மக்களோ, ‘ஹொங்கி’ என்னும் உபசாரத்தில் நெற்றியும் மூக்கும் சேர்த்துப் பிராணனையே பகிர்கின்றனர். இத்துணை மேன்மையான வழக்கத்தை, அநாகரிகமென்று எண்ணி நம் இளந் தாய்மார் கைவிடலாகாது.