மார்க் கேட்பதற்கு முன்

பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் நம் வீடுகளில் முதல் கேள்வி, "டெஸ்ட்ல எவ்வளவு?" அடுத்தது, "மத்தவங்க எவ்வளவு?" புது நாட்டில் காலூன்ற நம் அப்பா அம்மா படிப்பைத்தான் நம்பினார்கள். தப்பே இல்லை, அந்தப் படிப்பில்தான் நானும் இன்று சம்பாதிக்கிறேன்.

ஆனால் 1938-ல் தொடங்கிய ஹார்வர்ட் ஆய்வு, அங்கே படித்தவர்கள், பாஸ்டனின் ஏழை வீட்டுப் பையன்கள் என 724 பேரைப் பல பத்தாண்டுகள் கவனித்தது. 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80-ல் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள்.

மார்க் குறைந்த நாளில் பிள்ளை பயப்படாமல் நம்மிடம் வந்து சொல்லுமா? என் கவலை அதுதான். அதனால் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?" மார்க்கைப் பற்றி ராத்திரி பேசிக்கலாம்.