உளவியல் வினாத்தாளும் எமது பிள்ளைகளும்

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில், பிள்ளை எதனைப் படிப்பது என்ற விவாதம் பெரும்பாலும் பிள்ளை பிறந்த அன்றே முடிந்துவிடுகிறது. மருத்துவம், இல்லையேல் பொறியியல். இரண்டும் கைகூடாவிடின் கணக்கியல். இந்தப் பட்டியலுக்குள் சந்தடியின்றி நுழைந்துவிட்ட பாடம் உளவியல். இங்கிலாந்தில் உயர்தர வகுப்பு மாணவர்கள் அதிகமாகத் தெரிவு செய்யும் பாடங்களின் முன்வரிசையில் அது இன்று நிற்கிறது. எமது பிள்ளைகளும் கணிசமாக அதனை எடுக்கின்றனர். ஆனால் வீட்டில் அதற்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு. "விசர் பிடிச்ச ஆக்களைப் பாக்கிற படிப்பே?" என்று அம்மம்மா கேட்கிறார். "லேசான பாடம் எண்டு எடுத்தனியோ?" என்று தந்தையார் கேட்கிறார்.

அம்மம்மாவின் கேள்வியால் பெரும் தீங்கில்லை. தந்தையாரின் கேள்விதான் ஆபத்தானது. ஏனெனில் பிள்ளையும் அதனையே உள்ளூர நம்பிவிடுகிறது. இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் ரியூசன் ஒழுங்கு செய்யப்படுகிறது. உளவியல் கடைசி இரண்டு வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஓகஸ்டில் பெறுபேறு வரும்போது, எதிர்பார்த்த தரம் கிடைக்காமல் பல்கலைக்கழக இடத்தைக் கைநழுவ விடுவது பல வேளைகளில் இந்த "லேசான" பாடத்தினாலேயே.

பரீட்சையின் அமைப்பை முதலில் நோக்குவோம். பல பாடசாலைகள் பின்பற்றும் ஏ.கியூ.ஏ. பரீட்சைச் சபையின் பாடத்திட்டம் 2015 இல் கற்பிக்கத் தொடங்கப்பட்டு 2017 முதல் பரீட்சிக்கப்பட்டது. மூன்று வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் 96 புள்ளிகள். அதாவது ஒரு புள்ளிக்கு ஒன்றேகால் நிமிடம். 16 புள்ளிக் கட்டுரை ஒன்றுக்கு 20 நிமிடங்களே உரியவை. (2025 செப்டெம்பரில் வகுப்பு ஆரம்பித்தவர்களுக்குப் பாடத்திட்டம் திருத்தப்பட்டுள்ளது. பழைய வினாத்தாள்களில் பயிற்சி பெறுமுன், நீங்கியவை எவை, சேர்ந்தவை எவை என்று ஆசிரியரிடம் கேட்டறிவது அவசியம்.)

அந்தப் 16 புள்ளிகளும் எவ்வாறு பகிரப்பட்டன என்பதிலேயே எமது பிள்ளைகளின் இடறல் தொடங்குகிறது. கோட்பாட்டையும் ஆய்வையும் விவரிப்பதற்கு 6 புள்ளிகள் மட்டுமே. எஞ்சிய 10 புள்ளிகளும் அதனைச் சீர்தூக்குவதற்கு: ஆய்வின் பலம் யாது, பலவீனம் யாது, வேறு ஆய்வுகள் அதனை ஆதரிக்கின்றனவா, யாரை வைத்து நடத்தப்பட்டது, அந்த முடிவு மற்றவர்களுக்குப் பொருந்துமா என்ற வினாக்களுக்கு. நாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் திருத்திய விடைத்தாள்களிலும் சரி, இன்று சனிக்கிழமைகளில் எம்மிடம் மாணவர்கள் கொண்டுவரும் பயிற்சிக் கட்டுரைகளிலும் சரி, காண்பது ஒன்றே. மூன்று பக்கம் விவரிப்பு. கடைசி நான்கு வரியில் அவசர விமர்சனம். மில்கிராமின் 1963 ஆம் ஆண்டு ஆய்வில் 40 பேர் பங்குபற்றினர், அவர்களுள் 65 வீதத்தினர் 450 வோல்ற் வரை சென்றனர் என்பதை ஒரு சொல்லும் பிசகாமல் எழுதிய மாணவர், அந்த நாற்பது பேரும் ஆண்கள் என்பதையும், மின்னதிர்ச்சி போலியானது என்பதைச் சிலர் ஊகித்திருக்கலாம் என்ற கண்டனத்தையும் எழுத நேரமின்றிப் பேனாவை வைத்துவிடுகிறார். அறிந்தவர்தான், ஆயினும் கேட்கப்பட்டதற்கு விடையளிக்கவில்லை.

இதற்குக் காரணம் எமது மனனக் கல்வியே என்று கூறிவிட்டு நகர்பவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கூறமாட்டோம். மனனத்தில் பயனுள்ள பாதி, பயனற்ற பாதி என இரண்டு உண்டு. வாய்ப்பாட்டையும் தேவாரத்தையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆசிரியர் முன் நின்று ஒப்புவித்தோமே, அது பயனுள்ள பாதி. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் துலக்கமாகக் காட்டுகிறது. ஒரு குழுவினர் ஒரு பந்தியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தனர். இன்னொரு குழுவினர் ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, ஏனைய மூன்றிலும் தாளைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர்: 83 வீதத்துக்கு 71 வீதம். ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களின் நினைவில் எஞ்சியது 40 வீதம். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம்.

திரும்பத் திரும்ப வாசிப்பவர் தமக்குத் தெரியும் என்று நம்பிக்கொள்வதன் இரகசியம் இதுவே. கண்ணுக்குப் பழகிய பக்கம் அறிந்த பக்கமாகத் தோன்றுகிறது. மஞ்சள், பச்சை, ஊதா என்று வர்ணம் தீட்டப்பட்ட குறிப்புகளைச் சுவரில் ஒட்டிவைக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் கற்றல் முறைகள் பத்தினை ஆராய்ந்து டன்லொஸ்கியும் சகாக்களும் 2013 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கோடிடுவதும் மீள வாசிப்பதும் குறைந்த பயனுடைய வரிசையிலேயே வைக்கப்பட்டன. உயர்ந்த பயனுடையவை இரண்டே: தம்மைத் தாமே சோதித்தல், இடைவெளி விட்டுக் கற்றல். இடைவெளியின் அருமையை ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனியர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து 1885 இலேயே எழுதிவிட்டார். ஆகவே தாயார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சமைத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையை அருகில் அழைத்து, "இண்டைக்குப் படிச்சதைக் கொப்பியைப் பாராமல் எனக்குத் தமிழிலை சொல்லு பாப்பம்" என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்ல முனையும் பிள்ளையால் வெறும் சொற்களை ஒப்புவிக்க இயலாது. பொருளைப் பிடித்தே ஆகவேண்டும். தாயாருக்கு உளவியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விளங்காத இடத்தில் "விளங்கேல்லை" என்று சொன்னாலே போதுமானது.

பலரையும் கலங்கவைப்பது ஆய்வு முறையியல் பகுதி. இரண்டாம் வினாத்தாளில் மட்டும் அதற்கு 48 புள்ளிகள். முழுப் பாடத்திலும் ஆய்வு முறைக்குக் காற்பங்குக்குக் குறையாத இடமும், கணிதத் திறனுக்குப் பத்திலொரு பங்கேனும் உண்டு. கணிதத்துக்கு அஞ்சி உளவியலுக்கு வந்தவர்கள் இங்கே அகப்பட்டுக்கொள்கின்றனர். உண்மையில் இதுவே உழைப்புக்கு நிச்சயமான கூலி தரும் பகுதி. குறிச் சோதனை எனப்படும் கணிப்பை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாணவரின் நித்திரையை ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தோம் என வைத்துக்கொள்க. இருவரில் மாற்றமில்லை, அவர்களை நீக்கினால் பத்துப்பேர். ஒன்பது பேருக்கு நித்திரை கூடியது, ஒருவருக்குக் குறைந்தது. குறைவாக வந்த குறியின் எண்ணிக்கையே விடை: 1. பத்துப் பேருக்கு 0.05 மட்டத்தில் அட்டவணை தரும் பெறுமானமும் 1. இச்சோதனையில் எமது விடை அட்டவணைப் பெறுமானத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் முடிவு பொருண்மையுடையது. எனவே சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம். பாணிக்கடைக் கணக்கை விட இது கடினமானதன்று.

கைவர்க்கம் போன்ற வேறு சில சோதனைகளில் விதி மாறும். விடை அட்டவணைப் பெறுமானத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயரில் 'ஆர்' என்ற எழுத்து வரும் சோதனைகளுக்கெல்லாம் விடை பெரிதாக இருக்கவேண்டும் என்று இங்குள்ள மாணவர் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றனர். பாடத்திட்டத்திலுள்ள சோதனைகளுக்கு அது பிழையின்றிப் பொருந்துகிறது.

இனி வேறொரு சிரமத்துக்கு வருவோம். எந்த ரியூசன் ஆசிரியரும் இதனைப் பேசுவதாகத் தெரியவில்லை. உளவியல் பாடப்புத்தகம் அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்நியமான புத்தகம் அன்று. பௌதிகத்தில் ஒரு சில்லு சரிவில் உருண்டால் எவருடைய நெஞ்சும் வலிப்பதில்லை. ஆனால் தந்தையார் முதலில் வந்து, வழக்கு முடிய ஆண்டுகள் கழிந்து, பின்னரே தாயும் பிள்ளையும் வந்து சேர்ந்த வீடுகள் எம்மிடையே எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளை, தாயன்பை இழத்தல் பற்றிய ஜோன் போல்பியின் கோட்பாட்டைப் படிக்கிறது. 1944 இல் அவர் ஆராய்ந்த 44 இளம் திருடர்களுள் 14 பேர் பரிவுணர்வு அற்றவர்களாக வகைப்படுத்தப்பட்டனர், அவர்களுள் 12 பேர் சிறுபராயத்தில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் என்று வாசிக்கிறது. அம்மம்மாவிடம் நான்கு வருடம் வளர்ந்த மாணவி ஒருத்தி எம்மிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, "அப்ப நான்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு நாம் கொடுத்த பதில் ஆறுதல் மொழியன்று. பரீட்சைக்கு வேண்டிய விமர்சனமே. போல்பி தாமே நேர்காணல் நடத்தித் தாமே வகைப்படுத்தினார், எதிர்பார்த்ததையே கண்டிருக்கக்கூடும். மைக்கல் ரட்டர் என்பவர் 1972 இல் இக்கோட்பாட்டை மீளாய்வு செய்து, உள்ள பிணைப்பு பறிபோவதும் பிணைப்பே ஏற்படாமல் போவதும் வெவ்வேறு என்று காட்டினார். அம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளைக்குப் பிணைப்பு இல்லாமற் போகவில்லை. மேலும், குழந்தைகளின் பிணைப்பை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு வான் ஐசென்டூர்ன், க்ரூனன்பெர்க் ஆகியோர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு, 32 ஆய்வுகளைத் தொகுத்தது. ஆயினும் அவை எட்டு நாடுகளுக்கு மட்டுமே உரியவை. அவ்வெட்டில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. பெரியம்மாவும் சித்தியும் அம்மம்மாவும் சேர்ந்து வளர்க்கும் முற்றம் அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை. பண்பாட்டுச் சார்பு என்ற தலைப்பில் இதனை எழுதினால் புள்ளி கிடைக்கும். எழுதும் மாணவிக்குப் புள்ளியைவிட மேலான ஒன்றும் கிடைக்கும் என எண்ணுகிறோம்.

நினைவு என்ற அத்தியாயமும் அவ்வாறே. லொஃப்டஸ், பாமர் ஆகியோரின் 1974 ஆம் ஆண்டு ஆய்வில், கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றனர். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். படம் ஒன்றே, கேள்வியின் ஒரு சொல் மட்டும் வேறு. குடிவரவு அதிகாரி முன் அமர்ந்து மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பதிலளித்த எவருக்கும் இது புதுமையன்று. இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய ஆய்வொன்றை ஹேர்லிஹி, ஸ்க்ராக், ரேர்னர் ஆகியோர் 2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். கொசோவோ, பொஸ்னியா நாடுகளிலிருந்து வந்து, வதிவிட அனுமதி ஏற்கெனவே பெற்றுவிட்ட 39 அகதிகளை இருமுறை நேர்கண்டனர். பொய் சொல்ல எக்காரணமும் இல்லாத அவர்களுடைய இரு கூற்றுகளுக்கிடையிலும் முரண்பாடுகள் சாதாரணமாகக் காணப்பட்டன. கடும் மனவடு உடையவர்களிடம், நேர்காணல்களுக்கிடையே காலம் நீள நீள முரண்பாடுகளும் பெருகின. இதனை அறிந்த மாணவரின் கட்டுரையில் நிசமான பயன்பாட்டு உதாரணம் ஒன்று இருக்கும். அவருடைய தந்தையாரும் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று. "திகதியை மாத்திச் சொல்லிப்போட்டன்" என்று ஆண்டுக்கணக்காகத் தம்மையே நொந்துகொள்பவர்கள் எம்மிடையே உளர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனச்சோர்வு, பயம், மனவடு ஆகியவற்றின் அறிகுறிப் பட்டியலைப் படிக்கும் பிள்ளை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் நோய்ப்பெயர் சூட்டத் தொடங்கும். அது பரீட்சைக் காலத்து விளையாட்டு எனச் சிரித்துவிடலாம். ஆனால் படிக்கும்போது நித்திரை குலைந்து, பழைய காட்சிகள் மீளவந்து வருத்துமாயின் அது விளையாட்டன்று. குடும்ப வைத்தியரிடமும் பாடசாலையிலும் தாமதியாது சொல்லவேண்டும். போரினால் மனங்களுக்கு நேர்ந்ததை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். எமது காயம் எழுதப்படாத காயமன்று.

பரீட்சை மண்டபத்துப் பயம் பற்றிச் சுருக்கமாக: இதயம் படபடப்பதைக் கண்டு பதறவேண்டாம். அது அதிரீனலின் வேலை, பாடத்திட்டத்திலேயே உள்ளது. பதற்றத்தை அடக்க முயல்வதைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று அதற்கு வேறு பெயரிட்டவர்கள் கணக்கிலும் மேடைப்பேச்சிலும் சிறப்பாகச் செய்தனர் என்று அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் காட்டினார். முதல் வினா தெரியாதெனில் தெரிந்த வினாவில் தொடங்கலாம், வரிசை கட்டாயமன்று. கட்டுரைக்கு இருபது நிமிடம் முடிந்ததும் வாக்கியத்தின் நடுவிலாயினும் நிறுத்தி அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

இறுதியாக, பெற்றோர் பலர் அறியாத இரண்டு ஒழுங்குகள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர் இருமொழி அகராதி பயன்படுத்த அனுமதி பெற வழியுண்டு. பாடசாலையின் பரீட்சை அலுவலரிடம் மாதங்களுக்கு முன்னரே கேட்கவேண்டும். மற்றையது, பரீட்சை வேளையில் குடும்பத்தில் மரணம் நிகழ்ந்தாலோ திடீர் நோய் கண்டாலோ விசேட கவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 5 வீதம் வரை புள்ளிகள் சேர்க்கப்படக்கூடும். ஊரிலே அம்மப்பா காலமான செய்தி முதல்நாள் இரவு தொலைபேசியில் வந்தது என்பதை வாய்திறந்து சொல்லாமலே எழுதிவிட்டு வந்த பிள்ளைகளை நாம் அறிவோம். விண்ணப்பிக்கவேண்டியது பாடசாலையே, பெற்றோரால் நேரடியாக இயலாது. ஆகையால் அன்று காலையே, பிள்ளை மண்டபத்துக்குள் நுழையுமுன், பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள்.