மதுவும் எண்ணெயும்

நீதிமொழிகள் என்னும் ஆகமத்தை அறியாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே ஆவர். அதன் 21ஆம் அதிகாரத்து 17ஆம் வசனம், களிப்பின்மீது காதல் கொண்டவன் வறியனாய்ப் போவான் என்றும், மதுவிலும் எண்ணெயிலும் ஆசை வைத்தவன் செல்வங் காணான் என்றும் கருத்துப்படக் கூறுகின்றது. யான் இதனை முதன்முதற் கருத்தூன்றிக் கேட்டது எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தில். அன்று பேசியவர், பின்புறம் பாய்மேல் அமர்ந்திருந்த கூலியாளர் குடும்பங்களையே நோக்கி, அவர்தம் வறுமைக்குக் காரணம் இஃதே என நெடுநேரம் உரைத்தார். பனையேறிப் பிழைத்தவரான என் பாட்டனார் ஒன்றும் மறுத்திலர். வீடு திரும்புங்கால், "ஏலே, நம்ம வீட்டுல எண்ணெய்னா சனிக்கிழமை தலைக்கு வைக்கிற ஒரு கரண்டிதானே, அதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வசனம் யாரை நோக்கிப் பேசுகின்றது என்னும் வினா அன்று என்னுள் எழுந்தது. அதற்கு யான் கண்ட விடையே இக்கட்டுரை.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'களிப்பு' என யான் எழுதியதற்கு எபிரெய மூலத்தில் நிற்கும் சொல் சிம்ஹா என்பது. திருவிழாவின் மகிழ்ச்சிக்கும் மணவீட்டின் மகிழ்ச்சிக்கும் வழங்குவது அதே சொல். ஆகலின், நம் தமிழ் வேதாகமத்திற் காணும் 'சிற்றின்பம்' என்னும் மொழியைக் கொண்டு, இஃது ஒழுக்கக்கேட்டை மட்டுமே குறித்ததென முடிவுகட்டுதல் பொருந்தாது. மகிழ்ச்சியையே வேதம் வெறுக்கின்றதோ எனின், அன்று. உபாகமத்தின் 14ஆம் அதிகாரம், தசமபாகத்தை நெடுந்தூரம் சுமந்து வர இயலாதவன் அதனைப் பணமாக்கிக் கொணர்ந்து, தான் விரும்பும் ஆட்டையும் மாட்டையும் மதுவையும் வாங்கி, வீட்டாரோடு கர்த்தரின் சந்நிதியில் உண்டு மகிழலாம் என்று இசைவளிக்கின்றது. இன்னும், நம் வசனத்திற்கு மூன்று வசனம் கீழே இறங்கினால், ஞானியின் வீட்டில் எண்ணெய் இருப்பில் உள்ளதென்றும், மூடனோ உள்ளதை விழுங்கித் தீர்க்கின்றான் என்றும் காண்கின்றோம். எண்ணெய் ஒன்றே, வைத்திருப்போர் இருவர். ஆதலின் வசனத்தின் உயிர்நிலை 'விரும்புகிறவன்' என்னும் வினையாலணையும் பெயரிலே இருக்கின்றது. ஒருநாள் விருந்துண்டவனை அஃது உணர்த்தாது. விருந்தின்றி இருக்க மாட்டாதவனையே உணர்த்தும். வறுமையைக் குறிக்கும் மஹ்சோர் என்னும் சொல்லின் நேர்பொருளோ 'குறைபாடு' என்பதாம். எத்துணை வந்தாலும் போதாமை என்று விரித்துக்கொள்வது என் துணிபு.

இனி மதுவும் எண்ணெயும் எவருடைய பொருள்கள்? எண்ணெய் என்றது ஒலிவ எண்ணெய். உணவுக்கும் விளக்குக்கும் அஃது எல்லார்க்கும் வேண்டுவதே. ஆயினும் மதுவோடு இணைத்துச் சொல்லுங்கால், விருந்தினர் தலையிலும் மேனியிலும் பூசும் நறுநெய்யே நினைவிற்கு வரும். இதற்கு மண்ணே சான்று தருகின்றது. வடநாட்டு இசரவேலின் தலைநகராயிருந்த சமாரியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, 1910ஆம் ஆண்டில் மையினால் எழுதப்பட்ட பானையோடுகள் பல கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வோடுகளில், இன்ன ஆண்டில், இன்ன இடத்திலிருந்து, இன்னார்க்கு என்னும் குறிப்போடு எழுதப்பட்டிருக்கும் பண்டங்கள் இரண்டு. ஒன்று பழமது, மற்றொன்று கழுவித் தெளித்த எண்ணெய். நம் வசனத்தில் வரும் அதே இணை! சுற்றுப்புறத்து நிலங்களின் விளைவு தலைநகர்ப் பெருமக்களுக்குச் சென்ற கணக்கு அது. 1930களில் அவ்விடத்தே நடந்த அகழ்வில் தந்தச் சிற்பத் துண்டுகளும் மிகுதியாக வெளிப்பட்டன. தந்தக் கட்டில்களிற் சாய்ந்து, பெருங்கலங்களில் மதுவருந்தி, உயர்ந்த தைலம் பூசிக் கிடந்தோரை ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்ததும் அந்நூற்றாண்டிலேதான். எளியவனை ஒரு சோடு பாதரட்சைக்கு விற்றனர் என்பதும் அவர் கூறிய குற்றமே. கட்டிலும் தைலமும் ஒருபுறம், விற்கப்பட்ட எளியவன் மறுபுறம். இரண்டையும் அவர் பிரித்துப் பேசினாரல்லர்.

ஆகவே வசனத்தின் பேச்சு உடையவனோடு, இல்லாதவனோடன்று. களிப்பை விரும்புவான் வறியனாவான் என்றால், வறியரெல்லாம் களிப்பை விரும்பினோர் என்றாகுமோ? மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருப்பதெல்லாம் மழையாலன்று. யோபுவின் நண்பர் மூவரும் வழுக்கி விழுந்தது இவ்விடத்தேயாம். நீதிமொழிகளே பிறிதோரிடத்தில் (13:23), ஏழையின் நிலம் மிக விளைந்தும் நியாயக் கேட்டினால் அழிவு நேர்வதைச் சொல்கின்றது. அன்று பேசியவர் அவ்வசனத்தையும் எடுத்திருந்தால், பாய்மேல் இருந்தோர் தலை நிமிர்ந்திருப்பர்.

நிற்க. இவ்வசனம் சாலொமோனின் நீதிமொழிகள் என்னும் தலைப்புடைய பகுதியைச் சார்ந்தது. அதற்கு விரிவுரை வேண்டுவோர் அவ்வரசனின் அரண்மனைக் கணக்கையே படிக்கலாம். ஒரு நாட் செலவு: மெல்லிய மா 30 மரக்கால், மற்றை மா 60 மரக்கால், கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100, மானும் பறவையும் இதன் புறம்பு. இச்செலவைத் தாங்கப் பன்னிரு அதிபதிகள் நியமிக்கப்பட்டனர். ஒருவர்க்கு ஒரு மாதம். இங்கேதான் உற்று நோக்கவேண்டும். விருந்து ஒருநாள் விருப்பமாயிருந்தவரை அரசனுக்குரியதாயிருந்தது. மாதந்தோறும் முறைவைத்து வாங்கத் தொடங்கியபின் அது குடிகளின் கடனாயிற்று. அரசன் ஒருநாள் பசியின்றி இருந்தாலும் அம்மாடுகள் வந்தே தீரவேண்டும்.

கட்டடச் செலவோ இன்னும் பெரிது. ஆலயத்திற்கு 7 ஆண்டு. தன் மாளிகைக்கு 13 ஆண்டு. கேதுரு மரம் அனுப்பிய தீருவின் அரசன் ஈராமுக்கு ஆண்டுதோறும் 20,000 மரக்கால் கோதுமையும், இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய் 20 மரக்காலும் சென்றன. முடிவில் கலிலேயா நாட்டில் 20 ஊர்களையே சாலொமோன் அவனுக்குக் கொடுத்தான். பார்க்க வந்த ஈராமுக்கோ அவை பிடிக்கவில்லை. ஆண்டொன்றுக்கு 666 தாலந்து பொன் வந்த அரசன், மரத்திற்கும் பொன்னுக்கும் ஈடாக ஊரைக் கொடுத்த விந்தையை என்னென்பது! மஹ்சோர் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை யான் கண்டிலேன்.

அக்காலத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்த கப்பல்கள் தந்தமும் குரங்கும் மயிலும் கொணர்ந்தன. மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லைத் தமிழின் 'தோகை'யோடு கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இணைத்துக் காட்டினார். பிற்கால அறிஞர் சிலர் இதனை ஐயுறுகின்றனர்; தமிழ் மாணவனாகிய எனக்கு அவ்வையம் உவப்பன்று. ஆயினும் அம்மயில்கள் எவர்க்கும் சோறிட்டில என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாலொமோன் இறந்தபின் குடிகள் அவன் மகன் ரெகொபெயாமிடம் கேட்டது ஒன்றே: தந்தை வைத்த நுகத்தை இலகுவாக்குக. முதியோர் இசைந்தனர், உடன் வளர்ந்த இளையோர் தடுத்தனர். அரசன் இளையோர் சொற்கேட்டு, நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. பகுதிப் பணத்திற்குத் தலைவனாயிருந்த அதோராமைக் கல்லெறிந்து கொன்றனர். பன்னிரு மாத விருந்தை ஊட்டிய நாட்டிற் பெரும்பகுதி ஒரே நாளிற் போயிற்று.

அவனது ஐந்தாம் ஆண்டில் எகிப்தின் சீஷாக் எருசலேமின்மேல் வந்தான். கர்நாக் கோயிற் சுவரில் தான் வென்ற ஊர்களின் பெயர்களைப் பொறித்த முதலாம் ஷெஷோங்க் இவனே என்பர். சாலொமோன் செய்வித்திருந்த பொற்கேடயங்கள், பெரியன 200, சிறியன 300. அவை சீஷாக்கோடு சென்றன. ரெகொபெயாம் அவற்றிற்கு ஈடாக வெண்கலத்தாற் கேடயங்கள் செய்வித்தான். அரசன் ஆலயத்திற்குப் போகும்போதெல்லாம் காவற்சேவகர் அவற்றை முன்போலவே ஏந்திச் செல்வர். திரும்பியபின் தம் அறையிற் கொண்டுபோய் வைப்பர்.