நிரையில் நின்றவன், திரையில் நிற்பவன்

மலேசியாவின் மஸ்ஜித் தானாவைச் சுற்றிய தோட்டங்கள் ரப்பர் காடாக இருந்தபோது, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்ததும் ஆளுக்கொரு நிரை, அதாவது மர வரிசை, என்று பிரிந்து போவார்கள். அடுத்த நிரைக்காரரின் நெற்றி விளக்குதான் துணை. வயசுப் பெண் பால் வெட்டும் இடத்தில் தினமும் ஒருவன் வந்து மரத்தோடு மரமாக நின்றால், அதை லயத்தில் யாரும் காதல் என்று சொல்லமாட்டார்கள். அம்மாக்காரி மேற்பார்வைக்கார மண்டோரிடம் போய் வேறு நிரை கேட்டுக் கெஞ்சுவாள். நிற்பவனே மண்டோராக இருந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். பிறகு அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்.

அதே பெண் சாயங்காலம் என்ன படித்தாள்? 1969-ல் தொடங்கிய ராணி முத்து, பிறகு மாலைமதி, ரமணிசந்திரன். தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் வந்த நம் நாட்டுக் கதைகளில் பால்வாளியும் கூலிப் பிரச்சினையும் இருக்கும். காதலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் நாவல்தான். அட்டை கிழிந்து, நாலைந்து வீடு சுற்றி வரும். கதாநாயகன் பணக்காரன், முன்கோபி, சந்தேகப் பிராணி. அவள் வேண்டாம் என்றால் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான். கடைசி நாலு பக்கத்தில் மன்னிப்பு, கல்யாணம். வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டிலும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 1991-ல் வந்த குணா படத்தில், நாயகன் தெரியாத பெண்ணைக் கடத்தி மலைக்குகையில் வைத்திருக்கிறான். முடிவில் அவளுக்கே அவன்மேல் காதல் வருகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து அழுதோம். பத்து வயதுப் பிள்ளையும் மடியில் இருந்தது. அதை இருண்ட கதை என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது. கதை கைப்பேசிக்குள் நுழைந்துவிட்டது. 2014-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் ‘ஆன்டி ஹீரோ’ என்று தேடினால் போதும். அவன் அவளுடைய வீட்டில் கேமரா வைத்திருக்கிறான், அவள் வேலை செய்யும் கம்பெனியை வாங்கிவிடுகிறான், அவளோடு பேசிய ஆணின் கையை முறிக்கிறான். பத்து நிமிடத்தில் ஒரு அத்தியாயம் முடிந்து ‘தொடரும்’ வந்துவிடும். லோண்டாங் மெட்ரிகுலேஷன் விடுதியில் ஒரு பிள்ளை போர்வைக்குள் எதைப் படிக்கிறாள் என்று பக்கத்துக் கட்டிலுக்கும் தெரியாது. கிழிந்த அட்டை இல்லை, யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதும் இல்லை.

இப்படிப் படிப்பவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிரையில் நின்றவன் அடுத்து என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. கதையில் தெரியும். அவன் எவ்வளவு வெறிபிடித்தவனாக இருந்தாலும் கடைசியில் அவளுக்கு அடங்குவான் என்ற உத்தரவாதத்தோடுதான் முதல் அத்தியாயமே தொடங்குகிறது. பயத்தைத் தொட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். நிஜத்தில் அப்படிப்பட்டவன் வேண்டும் என்று எந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

எனக்கு இருக்கும் குறை வேறு. ஆங்கிலத்தில் இந்த இருண்ட காதல் வகையைப் பெரிதாக்கிய நாவல்களில் ஒன்று ஹெச். டி. கார்ல்டனின் ‘ஹாண்டிங் அடலைன்’, 2021-ல் வந்தது. பெண்ணைப் பின்தொடர்பவனே அதில் நாயகன். ஆனால் உள்ளே என்னென்ன கொடுமை இருக்கிறது என்று முன்பக்கத்திலேயே பட்டியல் போட்டு எச்சரித்துவிடுகிறார்கள். நான் படித்த தமிழ்த் தொடர்கள் பலவற்றில் அந்த நேர்மை இல்லை. பழைய நாவலின் குங்குமமும் தாலியும் அப்படியே இருக்கின்றன. கடத்தியவன் கட்டிய தாலி என்பதால் கடத்தல் மறந்துபோகிறது. இதைவிட இருட்டு வேறென்ன வேண்டும்?

நம் பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் கறாரானது. மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதலி கிடைக்காதவன் பனைமட்டையால் குதிரை செய்து, ஊர் நடுவே அதில் ஏறி வருவான். கருக்கு அறுப்பது அவனுடைய உடம்பைத்தான். ஏறுவேன் என்று மிரட்டுவதைக்கூட அன்புள்ள காதலோடு சேர்த்த தொல்காப்பியர், உண்மையிலேயே ஏறிவிட்டால் அதைப் பொருந்தாக் காதலான பெருந்திணை என்று தனியே வைத்தார். இன்றைய நாயகன் ஏறும் மடலில் ரத்தம் சிந்துவது அவள்.

சட்டமும் இப்போது வேறு. முன்பு மிரட்டலோ அடியோ இருந்தால்தான் போலீசில் எழுதிக்கொள்வார்கள். பின்தொடர்வதை மட்டும் தனிக் குற்றமாக்கும் பிரிவு மலேசியாவில் அப்போது இருக்கவில்லை. பிறகு குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்ந்து, 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. பின்னாலேயே வருவது, வீட்டு வாசலிலோ வேலையிடத்திலோ சுற்றுவது, ஓயாமல் செய்தி அனுப்புவது, பொருள் கொடுத்தனுப்புவது எல்லாம் அதில் அடங்கும். ஒருவரைப் பயமுறுத்தும் விதத்தில் இரண்டு முறை செய்தாலே போதும். மூன்றாண்டு வரை சிறை. பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். இந்தக் கணக்கில் பார்த்தால் ஆன்டி ஹீரோக்களில் பாதிப் பேர் இரண்டாம் அத்தியாயத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். ரோஜாப்பூ அனுப்பியவனும் சேர்த்துத்தான்.

அந்தக் கதையையும் யாராவது எழுதலாம். அவள் அலோர்காஜா போலீஸ் நிலையத்தில் கைப்பேசியை மேசைமேல் வைத்து, 143 குறுஞ்செய்திகளையும் வரிசையாகக் காட்டுகிறாள்; எதிரே இருப்பவர் மலாயில் தட்டச்சு செய்துகொண்டே, “இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா?” என்று கேட்கிறார். அடுத்த அத்தியாயத்துக்கு எத்தனை வெள்ளி கேட்டாலும் கட்டிப் படிப்பேன்.